நல்லொழுக்கம் பற்றி நாலு வார்த்தை

மழை பிடித்துக்கொண்டால் லாண்டரிக்காரர் வீட்டில் யாரும் நிமிர்ந்து நடக்க முடியாது. மொட்டைமாடியில் காய வேண்டிய லாட்ஜ் விரிப்புகள் எல்லாம் வீட்டுக்குள் இறங்கிவிடும். கூடத்துக்குக் குறுக்கே, படுக்கையறைக்குக் குறுக்கே, சமையலறை வாசல்வரைக்கும் நைலான் கயிறு ஓடும். சாப்பிட உட்கார்ந்தால், முகத்துக்கு முன்னால் தொங்கும் ஈரத்துணியை ஒதுக்கிவிட்டுத்தான் எதிரில் இருப்பவரிடம் உப்பைக் கேட்க வேண்டும். சுவரில் கை வைத்தால் கை நனையும். தலையணையில் சோப்பு வாசனை அடிக்கும்.

தெருவைப் பார்த்த முன்னறைதான் கடை. துவைக்கிற மெஷின்கள், பிழிகிற மெஷின் ஒன்று, நீள மேஜை, அதன்மேல் போர்வையை மடித்துப் போட்டு இஸ்திரி. லாண்டரிக்காரர் காலையில் அந்த மேஜைக்கு முன்னால் நின்றாரென்றால் சாயங்காலம்வரை நின்ற இடம் மாறமாட்டார். அவர் மனைவி பின்கட்டில் வெந்நீர்க் கொப்பரையோடும் கறைகளோடும் மல்லுக்கு நிற்பாள். லாட்ஜ்காரன் மழை என்று பார்ப்பதில்லை. அவனுக்கு மதியத்துக்குள் வெள்ளை விரிப்பு வேண்டும்.

பிள்ளைகள் இரண்டு பேர். பெரியவன் எட்டாம் வகுப்பு. வயதுக்கு மீறிய உடம்பு, முழங்கை திரண்ட கை. பிழிகிற மெஷின் மக்கர் பண்ணும் நாட்களில் கனத்த போர்வையை அவன் ஒரு முனையும் அப்பா ஒரு முனையுமாகப் பிடித்து முறுக்கினால் சொட்டுத் தண்ணீர் மிஞ்சாது. ஒருமுறை அம்மாவின் கையில் வெந்நீர் கொட்டி மணிக்கட்டுவரை வெந்துபோனதிலிருந்து, அவன் வீட்டில் இருக்கும்வரை அவளைக் கொப்பரை தூக்க விட்டதில்லை. "என் புள்ள மாதிரி வருமா" என்று அவள் லாட்ஜ் பையனிடம்கூடச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

சின்னவள் ஏழாம் வகுப்பு. ஒல்லி. துணி மடிப்பதில் கெட்டிக்காரி, பேசுவதில் அதைவிடக் கெட்டிக்காரி. "இவ வாயில ஒரு பெல்ட்ட மாட்டினா நம்ம மெஷினு கரண்டு இல்லாமலே ஓடும்" என்பார் லாண்டரிக்காரர்.

இரண்டு பேரும் படித்தது தெருக்கோடியில் இருந்த பள்ளியில். மாடிக் கட்டடம். கீழேயிருந்து மேலே போகிற படி நடுவில் ஒரு திருப்பம் திரும்பும். அந்தத் திருப்பத்தில் நிற்கிறவர்கள் கீழே இருப்பவர்களுக்கும் தெரியாது, மேலே இருப்பவர்களுக்கும் தெரியாது.

சின்னவளின் வகுப்பில் மருந்துக்கடைக்காரரின் மகன் படித்தான். அவனுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். திக்குவாய் இல்லை. ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அடுத்த வார்த்தையைத் தேடிப் போய் எடுத்துவருகிற மாதிரி நிற்பான். நிற்காத ஸ்டேஷன் இல்லை என்பதால் 'பாசஞ்சர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைத்ததோடு விட்டிருந்தால் அவனே சிரித்துக்கொண்டு போயிருப்பான். எட்டாம் வகுப்பில் நாலு பையன்கள் படித் திருப்பத்தில் நின்றுகொண்டு அவனிடம் 'டிக்கெட்' கேட்க ஆரம்பித்தார்கள். அவர்கள் சொல்கிற வாக்கியத்தை அவன் மூச்சுவிடாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் தலையில் குட்டு.

ஒருநாள் இடைவேளையில் சின்னவள் படியேறிப் போனபோது குட்டிக்கொண்டிருந்த கை அவளுக்குத் தெரிந்த கையாக இருந்தது. திரண்ட முழங்கை. அதில் காலையில் கொப்பரையை இறக்கும்போது பட்ட கரிகூட அழியவில்லை.

அன்று சாயங்காலம் தலையணை உறைகளை மடித்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னாள்.

"அம்மா, அண்ணன் ஸ்கூல்ல ஒரு பையனைக் குட்டுறான்."

"எந்தப் பையனை?"

"மருந்துக்கடை மாமா பையனை. தினமும்."

அம்மா கையிலிருந்த உறையை உதறினாள். "ஆம்பளப் பசங்க, விளையாட்டுக்குப் பண்ணுவாங்க."

"அந்தப் பையன் விளையாடலம்மா. நின்னுக்கிட்டு இருந்தான்."

"நான் அவன்கிட்டச் சொல்லிக்கிறேன். நீ உங்கப்பா காதுல போட்டுறாத. தோலை உரிச்சுருவாரு."

அம்மா பெரியவனிடம் என்ன சொன்னாளோ, சொன்னாளோ இல்லையோ. படித் திருப்பத்தில் ஒன்றும் மாறவில்லை. சின்னவள் சில நாள் பார்த்துவிட்டு வகுப்பு டீச்சரிடம் போய்ச் சொன்னாள். டீச்சர் நல்லவள். சொன்னது யார் என்று யாரிடமும் சொல்லவில்லை. நாலு பேரையும் வரவழைத்து, மருந்துக்கடைக்காரர் மகனை எழுப்பி நிறுத்தி, வகுப்பு முன்னாலேயே கைகுலுக்க வைத்தாள். "இன்னையிலருந்து நீங்க அஞ்சு பேரும் ஃப்ரெண்ட்ஸ். சரியா?" நாலு பேரும் சரி டீச்சர் என்றார்கள். அவன் சரி என்று சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தாள்.

அதற்கடுத்த வாரம்தான் மழை வலுத்தது. பள்ளிப் படிகளெல்லாம் சேறும் தண்ணீருமாக இருந்த ஒரு மதியத்தில் மருந்துக்கடைக்காரர் மகன் படித் திருப்பத்திலிருந்து கீழே விழுந்தான். கைப்பிடிக் கம்பியின் அடிக்கட்டையில் தலை பக்கவாட்டில் மோதியது. தூக்கும்போது இடது காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். படி வழுக்கிவிட்டது என்று ஹெச்.எம். சொன்னார். படியும் வழுக்கலாகத்தான் இருந்தது.

சாயங்காலம் துணி வாங்க வந்தவர் ஒருவர் லாண்டரிக்காரரிடம் அதைச் சொல்லிவிட்டுப் போனார். லாண்டரிக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கூடத்துக்குள் வந்தார்.

"மருந்துக்கடைக்காரர் பையன் வழுக்கி விழுந்துட்டானாமே. உங்க ஸ்கூலுதானே? காதுல ரத்தமாம். இன்னும் கண்ணு முழிக்கலயாம்."

சின்னவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். "வழுக்கலப்பா. தள்ளிவிட்டாங்க. பசங்க பேசிக்கிட்டாங்க."

"யாரு?"

அவள் கூடத்தில் தொங்கிய விரிப்புகளில் ஒன்றைப் பார்த்தாள். அந்த விரிப்புக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. பெரியவன் பின்கட்டிலிருந்து வாளியோடு வந்தவன் அப்படியே நின்றுவிட்டிருந்தான். கால்விரல்கள் தரையைப் பிடித்துக்கொண்டிருந்தன.

லாண்டரிக்காரர் விரிப்பை இழுத்தார். கயிறோடு வந்தது. மகன் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. இஸ்திரிப் பிடியைப் பிடித்துப் பிடித்துக் காய்த்த கை. ஒரே அறையில் பையன் சுவரோடு போய் ஒட்டினான். அவர் இன்னொன்று வைத்தார்.

"ஏங்க, காதுல அடிக்காதீங்க" என்றாள் அம்மா. சொன்ன பிறகு என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

சின்னவள் எழுந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். "அடிக்காதீங்கப்பா. நீங்க அடிச்சா அவன் ஒழுங்காயிருவான்னு நினைக்கிறீங்களா? போன மாசமும் அடிச்சீங்க, மெஷின் பட்டனை உடைச்சதுக்கு. மறுநாள் ஸ்கூல்ல அந்தப் பையனுக்கு ரெண்டு குட்டு சேர்த்து விழுந்துச்சு. நான் பார்த்தேன்."

லாண்டரிக்காரரின் கை அப்படியே நின்றது. "ஏன்டா?" என்று மட்டும் கேட்டார். "அந்தப் பையன் உன்னை என்னடா பண்ணான்?"

பெரியவன் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான். "நான் தள்ளணும்னு தள்ளலப்பா. எல்லாரும் சுத்தி நின்னு தள்ளிக்கிட்டிருந்தாங்க. என் கையும் இருந்துச்சு."

"ஏன் இருந்துச்சு?"

"அவன் டீச்சர்கிட்டப் போட்டுக்குடுத்துட்டான். கிளாஸ் முன்னாடி எங்களை நிக்க வச்சு அசிங்கப்படுத்திட்டான்னு பசங்க கடுப்புல இருந்தாங்க."

கூடத்தில் துணியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"அவன் சொல்லல" என்றாள் சின்னவள். "நான்தான் சொன்னேன்."

பெரியவன் திரும்பித் தங்கையைப் பார்த்தான். அறை வாங்கியபோது அழாதவனுக்கு இப்போது கண் நிறைந்தது. அவளை அடிக்கப் போகிறவன் மாதிரியும் இருந்தான், அவள் மடியில் விழப் போகிறவன் மாதிரியும் இருந்தான். இரண்டும் செய்யாமல், விழுந்து கிடந்த விரிப்பை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனான். அழுக்கான விரிப்பை அவன் திரும்பத் துவைக்கிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

மறுநாள் லாண்டரிக்காரர் நல்ல சட்டை போட்டுக்கொண்டார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"மருந்துக்கடைக்கு. போய்ச் சொல்லிட்டு வந்துடறேன். அவரு அடிச்சா வாங்கிக்கறேன்."

"போலீசு வந்தா? ஸ்கூல்ல பேரை எடுத்துட்டா? பதிமூணு வயசுல அவன் மேல கேசு எழுதினா ஆயுசுக்கும் அதைத் தூக்கிட்டு அலைவான். கொஞ்சம் யோசிங்க."

"யோசிச்சா போகமாட்டேன். அதான் போறேன்."

மருந்துக்கடையில் வாடிக்கைக்காரர்கள் நின்றார்கள். காய்ச்சல் காலம். மருந்துக்கடைக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தவர் போலத் தாடியோடு, சீட்டைப் பார்ப்பதும் மாத்திரையைக் கத்தரிப்பதுமாக இருந்தார். லாண்டரிக்காரர் ஓரமாக நின்று எல்லாரையும் முன்னால் விட்டார். கடைசியில் இவர் மட்டும் நின்றார்.

"என்ன வேணும்ணே?"

லாண்டரிக்காரர் தொண்டையைச் செருமினார். இரண்டாம் தடவையும் செருமினார்.

"தொண்டையா?" என்று கேட்டு மருந்துக்கடைக்காரர் சப்புகிற மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து வைத்தார்.

அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். சில நாள் கழித்து மறுபடியும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனார். மறுபடியும் மாத்திரையோடு வந்தார். அதை அவர் சாப்பிடவும் இல்லை, தூக்கிப்போடவும் இல்லை. இஸ்திரி மேஜையின் இழுப்பறையில் போட்டு மூடினார்.

பையன் கண்விழித்துவிட்டான் என்று செய்தி வந்தது. பிறகு, பிழைத்தான், ஆனால் ஒரு காது நரம்பு போய்விட்டது என்றும் வந்தது. அன்று லாண்டரிக்காரர் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பெரியவன் முன்னைவிட அதிகமாக வேலை செய்தான். சொல்லாமலே கொப்பரை இறக்கினான், சொல்லாமலே மாடிக்கும் கீழுக்கும் துணி சுமந்தான். அவன் அப்படி வேலை செய்வதைப் பார்க்கப் பார்க்க லாண்டரிக்காரருக்கு ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

பள்ளியில் அந்தச் சமயம்தான் பெரிய அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. 'நல்லொழுக்கமும் பள்ளிகளில் வன்முறைத் தடுப்பும்' என்று விழா. மாணவர் தரப்பில் ஒருவர் பேச வேண்டும். கடைசி வரிசைவரை கேட்கிற குரல் சின்னவளுக்குத்தான் என்று டீச்சர் அவளைத் தேர்ந்தெடுத்து, ஒரு பேச்சையும் எழுதிக் கையில் கொடுத்தாள். பள்ளி முடிந்து ஒத்திகை.

சின்னவள் பாதி படித்துவிட்டு நிறுத்தினாள்.

"டீச்சர், 'நல்லொழுக்கம் உள்ள மாணவன் வன்முறையில் ஈடுபட மாட்டான்'னு இருக்கு."

"ஆமா. அதுல என்ன?"

"எங்க அண்ணன் வீட்டுல நல்ல பையன் டீச்சர். நிஜமாவே நல்லவன். எங்கம்மாவைச் சுடுதண்ணி தூக்க விடமாட்டான். அதே கைதான் இங்க குட்டுது. அப்ப நல்லொழுக்கம் அவனுக்கு இருக்கா இல்லையா?"

டீச்சர் பேனாவை மூடினாள். "பேச்சுக்கு இதெல்லாம் வேண்டாம்மா."

"நான் யோசிச்சுப் பார்த்தேன் டீச்சர். அவன் தனியா இருந்தா ஒருத்தரையும் தொடமாட்டான். நாலு பேரா நின்னாதான். அதுவும் அந்தப் படிகிட்ட மட்டும்தான். ஏன்னா அங்க யாரும் பார்க்கமாட்டாங்க. இடைவேளையில அங்க ஒரு டீச்சர் சும்மா நின்னா போதும். ஒண்ணும் சொல்லக்கூட வேணாம். டீ குடிச்சுக்கிட்டு நின்னாக்கூடப் போதும்."

"அது டைம்டேபிள் விஷயம்மா. அதை மேடையில பேசமுடியாது."

"அப்புறம், சொன்னா சொன்னவங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. சொல்லாதவங்களுக்கும் ஒண்ணும் ஆகக்கூடாது." அவள் குரல் இறங்கியது. "அந்தப் பையன் வழுக்கி விழல டீச்சர். எங்க அண்ணனும் அந்தப் பசங்களும் தள்ளினாங்க. அவன்தான் உங்ககிட்டச் சொன்னான்னு நினைச்சுட்டாங்க."

டீச்சர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து உட்காரவில்லை, ஜன்னல் ஓரத்திலேயே நின்றாள். வெளியே படிகளில் ஆட்கள் ரப்பர் மிதியடி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி வருவதற்குள் ஒட்டியாக வேண்டும்.

"நான்தானே கைகுலுக்க வச்சேன்" என்றாள் டீச்சர், ஜன்னலைப் பார்த்து. "நீ வந்து சொன்னதை ஏன் எழுதிக் குடுக்கலன்னு ஹெச்.எம். என்னைத்தான் கேப்பாங்க. எனக்கு அன்னைக்கு அது பெரிசாத் தோணல. பசங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

"இப்ப என்ன டீச்சர் பண்றது?"

"படிக்கு மிதியடி போடறாங்கல்ல. இனிமே யாரும் விழமாட்டாங்க." சொல்லிவிட்டு அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். "பொதுவாப் பேசும்மா. பேர் சொல்லாம, இடம் சொல்லாம. உன்னால முடியும்."

வீட்டில் அன்று லாண்டரிக்காரர் கேட்டார். "நல்லொழுக்கம் பத்தி மேடையேறிப் பேசப் போறியாமே. எனக்கும் நாலு வார்த்தை சொல்லேன். நான் இப்ப என்ன பண்ணணும்?"

கேலியாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது கேலி இல்லை. இஸ்திரிப் பெட்டி அவர் கையில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"தெரியலப்பா" என்றாள் சின்னவள்.

விழா அன்று மழை விட்டிருந்தது. மேடையில் அதிகாரியும் ஹெச்.எம்.மும் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசைகளில் பெற்றோர். பள்ளி அக்கறையாக விசாரிக்கிறது என்று காட்ட மருந்துக்கடைக்காரரையும் வரவழைத்திருந்தார்கள். அவர் ஓரத்து நாற்காலியில், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டாம் வகுப்பு வரிசையில் பெரியவன் தலை தெரிந்தது.

சின்னவள் டீச்சர் எழுதிக்கொடுத்ததை ஒப்பித்தாள். நடுவில் தன்னுடையதையும் கொஞ்சம் சேர்த்துவிட்டாள். "நல்ல பிள்ளைங்க வேற, கெட்ட பிள்ளைங்க வேறன்னு நினைக்காதீங்க. வீட்டுல நல்லா இருக்கிற பிள்ளைதான் வெளியிலயும் போகுது. அதை அடிச்சுத் திருத்திரலாம்னும் நினைக்காதீங்க. அடி வாங்கிட்டு வந்த பிள்ளை அதை இன்னொருத்தர்கிட்டத்தான் இறக்கி வைக்கும். பெரியவங்க யாராவது பக்கத்துல நில்லுங்க. நாங்க ஒண்ணு சொன்னா, சொன்ன அன்னைக்கே கேளுங்க. விழுந்த அப்புறம் கேக்காதீங்க."

கைதட்டல் பலமாக இருந்தது. அதிகாரி, இந்த வயதில் இவ்வளவு முதிர்ச்சியா என்று மைக்கில் வியந்தார். தண்ணீர் பாட்டில் ஒன்றைப் பரிசாகக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். அவளுக்கு ஒரு நிமிஷம் எல்லாரும் புரிந்துகொண்டுவிட்டார்கள் என்றுதான் தோன்றியது. அடுத்து நடனம் என்று அறிவித்தார்கள். எல்லாரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நடனம் பார்க்கத் தயாரானார்கள்.

அவள் தாழ்வாரத்தில் குழாயடிக்கு வந்து நின்றாள். மருந்துக்கடைக்காரர் பின்னாலேயே வந்தார்.

"நல்லாப் பேசினம்மா. என் பையனுக்கு உன்ன மாதிரி ஒரு தங்கச்சி இருந்திருக்கலாம்னு நினைச்சுக்கிட்டேன்."

அதற்குமேல் அவளால் தாங்கமுடியவில்லை.

"மாமா, அவன் வழுக்கி விழல. தள்ளினாங்க. எங்க அண்ணனும் அதுல இருந்தான். டீச்சர்கிட்ட முதல்ல சொன்னது நான். அதுக்கு அவனைத் தள்ளிட்டாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை.

"தெரியும்மா" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கண்ணு முழிச்ச மறுநாளே சொல்லிட்டான். யாரு யாருன்னு எல்லாம். டீச்சர்கிட்டச் சொன்னது யாருன்னுதான் அவனுக்குத் தெரியல. படுத்துக்கிட்டே அதையே யோசிச்சுக்கிட்டு இருக்கான்."

"அப்ப ஏன் மாமா நீங்க யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா என்னம்மா ஆகும்? கொஞ்ச நாளைக்கு அவங்களை வீட்டுக்கு அனுப்புவாங்க. அப்புறம் வந்துருவாங்க. இவனும் வருவான். அதே படிதான். அவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்றான், அப்பா பேசாம இருங்க, நான் திரும்ப அங்கதான் போகணும்னு. அதைச் சொல்றதுக்குள்ள அவனுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா?" அவர் குழாயைத் திருகினார். ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. "உங்கப்பா கடைக்கு வந்தாரு. ரெண்டு தடவை. தொண்டை மாத்திரை வாங்கிட்டுப் போனாரு. அவருக்குத் தொண்டை நல்லாத்தான் இருக்குன்னு எனக்குத் தெரியும். சொல்லுங்கண்ணேன்னு நானாவது கேட்டிருக்கலாம். கேக்க முடியல. அவரு சொல்லிட்டா அப்புறம் நான் ஏதாவது பண்ணியாகணும்ல."

உள்ளே பாட்டு ஆரம்பித்தது. அவர் குரலைக் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருந்தது.

"எனக்கு ஒரு உதவி பண்றியாம்மா? உங்க அண்ணன்கிட்டச் சொல்லு. என் பையனுக்கு இடது காது கேக்காது. அந்தப் பக்கமா நின்னு கூப்பிட்டா திரும்பமாட்டான். திமிருன்னு நினைச்சுக்கப் போறாங்க. அதுக்கு வேற அடிச்சுறப் போறாங்க. திமிர் இல்ல, கேக்கலன்னு மட்டும் அவங்களுக்குத் தெரிஞ்சா போதும்."

அவள் தலையாட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நடனம் முடிவதற்குள் போய் உட்கார வேண்டும் என்பதுபோல வேகமாக உள்ளே போனார்.

சாயங்காலம் மொட்டைமாடியில் வெயில் லேசாக அடித்தது. பெரியவனும் சின்னவளும் விரிப்புகளை எடுத்து மடித்தார்கள். ஆளுக்கு இரண்டு முனை. விரித்துப் பிடித்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துவந்து முனையைச் சேர்த்து, மறுபடி விலகி. அப்படி எதிரே வந்த ஒரு தடவை அவள் சொன்னாள்.

"அவங்கப்பாவுக்கு எல்லாம் தெரியும். யார்கிட்டயும் சொல்லமாட்டாராம்."

பெரியவன் முனையை வாங்கிக்கொண்டான்.

"அவனுக்கு ஒரு காது கேக்காதாம். அந்தப் பக்கம் கூப்பிட்டுத் திரும்பலன்னா திமிர்னு நினைச்சு அடிச்சுற வேணாம்னு உன்கிட்டச் சொல்லச் சொன்னாரு."

"எந்தக் காது?"

"இடது."

அவன் அடுத்த விரிப்பை எடுத்தான். உதறினான். ஈரமே இல்லாத துணியை மறுபடி மறுபடி உதறிக்கொண்டிருந்தான். "நான் அவன்கிட்டப் போய் என்னடி சொல்றது?" என்றான் கடைசியில். "ஸாரின்னு சொன்னா பசங்க என்னையும் பாசஞ்சர்ங்குவாங்க."

"அவங்ககிட்டயாவது சொல்லுவியா, விட்டுருங்கடான்னு?"

"பார்க்கறேன்" என்றான். அவன் உண்மையாகவே பார்க்கிறேன் என்று நினைத்துத்தான் சொன்னான். அவளுக்கு அது தெரிந்தது. அதனால்தான் மேலே கேட்கவில்லை.

மருந்துக்கடைக்காரரின் மகன் திரும்பப் பள்ளிக்கு வந்தபோது தலையில் ஒரு பக்கம் முடி வெட்டப்பட்டுப் புல் முளைத்தது போல இருந்தது. ஹெச்.எம். அவனைத் தட்டிக்கொடுத்தார். டீச்சர் அவனை முன்வரிசையில் உட்கார வைத்து, வலது காதுப் பக்கம் வந்து நின்று பாடம் நடத்தினாள். பையன்கள் யாரும் அவனை நெருங்கவில்லை. சின்னவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஆனால் ஒரு காதில் மட்டும் கேட்கிறவனுக்குச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது; எல்லாம் கேட்கிற காதுப் பக்கமிருந்தே வருவது போல இருக்கும். இதை அவன் அப்பா சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. பையன்கள்தான் கண்டுபிடித்தார்கள். மதிய இடைவேளையில் படியின் இடது பக்கத்திலிருந்து ஒருவன் தற்செயலாகத்தான் "பாசஞ்சர்" என்று கூப்பிட்டான். அவன் சட்டென்று வலது பக்கம் திரும்பி, சுவரைப் பார்த்து, "என்ன?" என்று கேட்டான்.

சுற்றி நின்றவர்களுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு அடங்கவில்லை. இன்னொருவன் பின்னாலிருந்து கூப்பிட்டான். அவன் மறுபடி வலது பக்கம் திரும்பினான். மேலேயிருந்து ஒருவன், கீழேயிருந்து ஒருவன். யாரும் அவனைத் தொடவில்லை. குட்டவில்லை, தள்ளவில்லை. கூப்பிட மட்டும் செய்தார்கள். புது ரப்பர் மிதியடியின்மேல் அவன் கொஞ்சம்கூட வழுக்காமல் நின்று, கூப்பிட்ட ஒவ்வொருவருக்கும் வலது பக்கமாகவே திரும்பிக்கொண்டிருந்தான்.

சின்னவள் மேலேயிருந்து இரண்டு படி இறங்கி நின்று பார்த்தாள். பெரியவன் படித் திருப்பத்தில்தான் இருந்தான். அவன் கூப்பிடவில்லை. சிரிக்கவும் இல்லை. "விடுங்கடா" என்று ஒருமுறை சொன்னான், பக்கத்தில் நின்றவனுக்கே கேட்டிருக்காது. பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் ஆசிரியர் அறையைத் திரும்பிப் பார்த்தாள். கதவு ஒருக்களித்திருந்தது. டம்ளர் சத்தம் கேட்டது. போய்ச் சொல்லலாம். என்ன பண்ணினார்கள் என்று கேட்பார்கள். கூப்பிட்டார்கள் என்று சொல்ல வேண்டும்.

அவள் படியில் இறங்கினாள். பையன்கள் வழிவிட்டார்கள். இறங்கிய வாக்கில் அவன் இடது பக்கத்தில் போய் நின்று, "வா, கிளாஸுக்குப் போகலாம்" என்றாள்.

அவன் வலது பக்கம் திரும்பி, அங்கே யாரும் இல்லாததைப் பார்த்துவிட்டு, முகத்தைத் தாழ்த்திக்கொண்டான். இதுவும் அவர்களில் ஒருவர்தான் என்று நினைத்துவிட்டான்.